சஃபோக் பஞ்ச்: களிமண் நிலம் வடித்த இழுவைக் குதிரை, அதன் இயல்பும் பயனும்

நிலவளவன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சஃபோக் மாவட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். இம்மாவட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் சஃபோக் பஞ்ச் என்ற இழுவைக் குதிரையைப் பற்றித் தமிழில் விரிவாகப் பேச வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. பாரம் இழுக்கும் குதிரை என்றவுடன் கணுக்காலைச் சுற்றி வெண்ணிற மயிர் குஞ்சம்போல் தொங்கும் ஷையர், கிளைட்ஸ்டேல் ஆகிய இனங்களின் படங்களே பெரும்பாலும் நம் கண்ணில் படுகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் சஃபோக்கை நிறுத்தினால், முதலில் தெரியும் வேறுபாடு அதன் கால்களில்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே மயிர்க்கற்றை இல்லாத, வழித்துவிட்டதுபோன்ற கால்கள் அவை.

இதற்குக் காரணம் மண். இம்மாவட்டத்தின் நடுப்பகுதி முழுவதும் கனத்த களிமண். மழைக்காலத்தில் காலடி வைத்தால் பிடித்துக்கொண்டு விடாது. காலில் மயிர் அடர்ந்த குதிரை இந்நிலத்தில் அரைநாள் உழுதால், ஒவ்வொரு காலிலும் சேறு கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும்; மாலையில் அதைக் கழுவி, உலர்த்தி, புண் வராமல் பார்ப்பதே குதிரைக்காரனுக்குத் தனி வேலையாகிவிடும். சஃபோக் உழவர்கள் அந்த மயிர் இல்லாத குதிரைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள்.

உடலமைப்பைச் சொல்வதானால், தோள்மேட்டில் ஏறத்தாழ 165 முதல் 178 சென்டிமீட்டர் உயரமும், 900 முதல் 1,000 கிலோ எடையும் கொண்டது. ஷையரைவிட உயரம் குறைவு. ஆனால் உடல் உருண்டு திரண்டு, மார்பு அகன்று, வயிறு ஆழமாக இறங்கி, தடித்த கழுத்து வில்லாக வளைந்து, குட்டையான கால்களின்மேல் அமர்ந்திருக்கும். ‘பஞ்ச்’ என்பதே குட்டையாகவும் கட்டுக்குட்டாகவும் இருக்கும் ஆளைக் குறிக்கும் பழைய ஆங்கில வழக்குச் சொல். நிறம் எப்போதும் செம்பழுப்பு மட்டுமே. கருஞ்சிவப்பு முதல் பொன்னிறம் வரை ஏழு சாயல்களை இனச் சங்கம் ஏற்கிறது; நெற்றியில் சிறு வெள்ளைச் சுட்டி இருக்கலாம். அந்நிறத்துக்கான ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் ‘டி’ எழுத்தைச் சஃபோக் குதிரைக்கு எழுதும்போது மட்டும் விட்டுவிடுவது இங்குள்ளவர்களின் வழக்கம். வெளியூர்க்காரர் யாரேனும் அந்த எழுத்தைச் சேர்த்து எழுதினால், முதியவர்கள் இன்றும் பரிவோடு திருத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இக்குதிரையின் ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு வேலைக்கான விடை என்பதே என் கருத்து. அந்த வேலை போனபின் விடையை மட்டும் எவ்வாறு காப்பாற்றுவது என்பதைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

மருதக்கயல்

ஐயா, கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். நிறத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கலாம். செம்பழுப்பு என்பது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதற்கான மரபணு வந்தால்தான் அந்நிறம் வெளிப்படும். செம்பழுப்புக் குதிரைகள் இரண்டை இணைத்தால், பிறக்கும் குட்டியும் செம்பழுப்பாகவே இருக்கும். ஆகவே ஒரு மாவட்டத்தில் எல்லாக் குதிரைகளும் அந்நிறத்தை அடைந்துவிட்டால், வெளியிலிருந்து வேறு நிறக் குதிரை வந்து சேராதவரை கருப்போ சாம்பலோ தோன்ற வாய்ப்பில்லை. கருநிறக் குட்டி ஒன்று பிறந்தாலே, வேற்றுக் குருதி கலந்துவிட்டது என்று உழவர் கண்டுகொள்வார். மரபணுப் பரிசோதனை இல்லாத காலத்தில், நிறமே ஒரு முத்திரையாகப் பயன்பட்டிருக்கிறது.

கால் மயிரைப் பற்றி நீங்கள் கூறியதும் மருத்துவ நோக்கில் சரியே. கணுக்காலில் மயிர் அடர்ந்த பார இனங்களில் ஈரம் உள்ளே தங்கித் தோல் வெடிப்பதும், மயிருக்கடியில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் பெருகுவதும் அன்றாடத் தொல்லைகள். அவ்வினங்கள் சிலவற்றில் நிணநீர் வடியாமல் தேங்கி, கால் ஆண்டுக்காண்டு தடித்து, தோல் மடிப்பு மடிப்பாகப் புடைக்கும் நாட்பட்ட நோய் ஒன்றும் காணப்படுகிறது. ஷையர், கிளைட்ஸ்டேல், பெல்ஜிய இழுவைக் குதிரை ஆகியவற்றில் அது நன்கு பதிவாகியுள்ளது. அதற்கு முழுமையான மருந்து இல்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். சஃபோக்கின் குளம்புகள் வலுவற்றவை என்று பழைய நூல்களில் குறை கூறப்படுகிறதே, அது இன்றும் உண்மையா?

நிலவளவன்

நல்ல கேள்வி, அம்மா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குறை உண்மையாகவே இருந்தது. உடலின் எடைக்கேற்ற அகலம் குளம்பில் இல்லை. மென்மையான களிமண்ணில் நடக்கும்வரை அது வெளியே தெரியவில்லை. நகரத்தின் கல் பாவிய தெருவில் வண்டி இழுக்கப் போனபோதுதான் குளம்பு தேய்ந்தும் வெடித்தும் போயிற்று. ஊர்க்காரர்கள் இதை மறைக்கவில்லை. கண்காட்சிகளில் குளம்புக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு வைத்து, நல்ல குளம்புள்ள குதிரைகளுக்குப் பரிசளித்து, சில பத்தாண்டுகளில் அக்குறையைப் பெருமளவு நீக்கினார்கள். தங்கள் கால்நடையின்மீது உண்மையான பற்றுள்ளவர்கள் குறையை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வம்சாவளியைப் பற்றியும் இங்கேயே கூறிவிடுகிறேன். இவ்வினம் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டது. எனினும் இன்று உயிரோடிருக்கும் ஒவ்வொரு சஃபோக் குதிரையின் தந்தைவழியும் 1768இல் பிறந்த ஒரே பொலிகுதிரையைச் சென்று சேர்கிறது. கிரிஸ்ப் என்ற உழவருக்குச் சொந்தமானதால் அதைக் ‘கிரிஸ்ப்பின் குதிரை’ என்றே பதிவேடு குறிக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1877இல் சஃபோக் குதிரைச் சங்கம் தோன்றியது. ஹெர்மன் பிடெல் என்பவர் ஊர் ஊராகச் சென்று விவரம் திரட்டி, முதல் வம்சாவளிப் பதிவேட்டை 1880இல் வெளியிட்டார்.

வடக்கே வேவ்னி ஆறு, தெற்கே ஸ்டவர் ஆறு, கிழக்கே வட கடல், மேற்கே சதுப்பு நிலம் என நான்கு புறமும் அடைபட்ட பகுதி இது. உழவர்கள் தங்கள் வேலைக்காகக் குதிரை வளர்த்தார்களே தவிர, விற்பதற்காக வளர்க்கவில்லை. இனம் தூய்மையாக நின்றதற்கும் வெளியுலகில் அதிகம் அறியப்படாமல் போனதற்கும் இதுவே காரணம்.

பொன்னேரி உழவன்

அண்ணா, எங்கள் வீட்டில் எருதுகளைப் பூட்டி உழுது வளர்ந்தவன் நான். மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகத்தடி அதற்கு முன்னால் அமர்ந்துகொள்ளும். குதிரைக்குத் திமில் இல்லையே, ஏரை எதில் பூட்டுகிறார்கள்? ஒரு சோடிக் குதிரை ஒரு நாளில் எவ்வளவு நிலம் உழும்?

நிலவளவன்

தம்பி, உழவு தெரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது. நுகத்தடியைக் குதிரையின் கழுத்தில் வைத்தால் அது மூச்சுக்குழலை நெரிக்கும். அதனால் வைக்கோல் திணித்துத் தோல் போர்த்திய தடித்த வளையம் ஒன்றைக் கழுத்தின் அடியில், தோள்பட்டையில் பொருந்துமாறு மாட்டுகிறார்கள். அவ்வளையத்தின் இருபுறமும் பதிந்த வளைகட்டைகளிலிருந்து சங்கிலிகள் பின்னோக்கிச் சென்று குறுக்குக் கட்டையில் சேர, அந்தக் கட்டை ஏரோடு இணைகிறது. குதிரை கழுத்தால் இழுப்பதில்லை. தோள்பட்டையால் வளையத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. சஃபோக்கின் தோள் சற்று நிமிர்ந்தும் தாழ்ந்தும் இருப்பது இங்கேதான் பயன்படுகிறது. இழுக்கும் விசை நிலத்துக்கு அருகிலிருந்து கிளம்புவதால் ஏரின் நுனி மேலே எழும்பாமல் மண்ணிலேயே நிற்கிறது. தோள் சாய்ந்த சவாரிக் குதிரையின் நடை அழகாக இருக்கலாம். கழுத்து வளையம் அதன்மேல் இவ்வளவு இறுக்கமாக உட்காராது.

ஒரு சோடி ஒரு நாளில் ஓர் ஏக்கர் உழும் என்பது இங்குள்ள பழைய கணக்கு. சால் ஒன்றின் அகலம் 9 அங்குலம் என்றால், ஓர் ஏக்கரை உழுது முடிக்க 11 மைல் நடக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 18 கிலோமீட்டர், அதுவும் வரப்போரத்தில் திரும்பும் நடையைச் சேர்க்காமல். ஏரைப் பிடித்தவரும் அத்தனை தொலைவும் பின்னால் நடந்தார் என்பதை மறக்கக் கூடாது. சோடியில் ஒரு குதிரை முன்பு உழுத சாலுக்குள்ளும் மற்றொன்று உழாத தரையின்மேலும் நடக்கும். சாலுக்குள் நடக்கும் குதிரை தன் நான்கு கால்களையும் அந்தக் குறுகிய வழியிலேயே வைக்க வேண்டும். அகன்ற உடலாயினும் கால்கள் விலகி வீசாமல் நேராக விழ வேண்டும் என்று வளர்ப்போர் வற்புறுத்தியது இதனால்தான். பீட் கிழங்கு வரிசைகளுக்கிடையே களை கொத்தியை இழுக்கும்போதும் இந்த நடையே பயிரைக் காத்தது.

நாளின் ஒழுங்கும் இவ்வூருக்கே உரியது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் காலையில் உழுது, நண்பகலில் குதிரையை லாயத்துக்குக் கொண்டுவந்து தீனி கொடுத்து, மீண்டும் பூட்டுவார்கள். சஃபோக்கில் ஒரே பூட்டு. தலைமைக் குதிரைக்காரர் விடியற்காலை நான்கு மணிக்கே லாயத்துக்கு வந்து, நறுக்கிய வைக்கோலில் ஓட்ஸைக் கலந்து சிறிது சிறிதாக இரண்டு மணி நேரம் ஊட்டுவார். ஆறரை மணியளவில் வயலுக்குப் போனால், ஆட்கள் உண்ணும் சிறு இடைவேளை தவிரப் பிற்பகல் இரண்டரை மணிவரை அவிழ்ப்பதில்லை. இவ்வளவு நேரம் தாங்குவதற்குக் காரணம் இக்குதிரையின் பெரிய வயிறு என்று ஊரில் சொல்வார்கள்.

மருதக்கயல்

இந்த ஒரு கூற்றில் மட்டும் எனக்குச் சிறு மறுப்பு உண்டு, ஐயா. குதிரையின் இரைப்பை எந்த இனத்திலும் சிறியதே. மொத்த உணவுப் பாதையின் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அது. வெளியிலிருந்து பார்க்கும்போது ஆழமாகத் தெரியும் வயிறு உண்மையில் பெருங்குடலும் அதன் தொடக்கத்தில் உள்ள குடற்பையும் சேர்ந்த நொதிக்கலம். வைக்கோல்போன்ற நார்த்தீனி அங்கே நுண்ணுயிர்களால் மெல்ல மெல்லச் செரித்துப் பல மணி நேரத்துக்கு ஆற்றல் தந்துகொண்டே இருக்கும். ஆகவே ஊர்க்காரர்கள் கண்டது சரி. அதற்குச் சொன்ன காரணத்தில்தான் உறுப்பு மாறிவிட்டது. இரைப்பை சிறியது என்பதை அந்தக் குதிரைக்காரர்களும் தம் பட்டறிவால் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீனியை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்று சிறுகச் சிறுகக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நிலவளவன்

திருத்தத்தை நன்றியுடன் ஏற்கிறேன்.

கணிதன்

இழுவிசையைப் பற்றி ஒரு கணக்கு. நாள் முழுவதும் சோர்வின்றி வேலை செய்யும் குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு தொடர்ந்து இழுக்கும் என்பது பொது விதி. 900 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ விசை. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், அதன் திறன் ஏறத்தாழ 980 வாட். ஜேம்ஸ் வாட் வகுத்த ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, உழும் சஃபோக் ஒன்றின் திறன் 1.3 குதிரைத்திறன் ஆகிறது. சில வினாடிகளுக்கு மட்டும் இதைப் போலப் பல மடங்கு விசையை அதனால் வெளிப்படுத்த முடியும்.

வடவாறு

கணிதன் கடைசியாகக் கூறிய அந்தச் சில வினாடிகளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். 18ஆம் நூற்றாண்டில் சஃபோக்கில் இழுவைப் போட்டிகள் நடந்தன. நகரவே முடியாதபடி பாரம் ஏற்றிய வண்டியில் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் சொல்வார்கள். பிற குதிரைகள் இரண்டு மூன்று முறை முயன்று நின்றுவிடும். சஃபோக்கோ முன்னங்கால் முட்டிகளைத் தரையில் ஊன்றி, உடலைத் தாழ்த்தி, பாரம் அசையாவிட்டாலும் சொல்லும் போதெல்லாம் மீண்டும் மீண்டும் இழுக்கும். வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங்கும் இவ்வினத்தின் இழுவலிமையை வியந்து எழுதியவரே. அவர் சஃபோக்கைச் சேர்ந்தவர். இது வலிமையை மட்டும் காட்டும் செய்தியன்று. அசையாத பாரத்தை இழுத்துத் தோற்ற குதிரை, அடுத்த முறை முயலாமல் இருப்பதே இயல்பு. சொன்னவரின் குரலை நம்பி மீண்டும் முயல்வது குணம்; அந்தக் குணத்துக்காகவும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

உழவுக்கு அப்பாலும் இதன் பயன் விரிந்தது. முதல் உலகப் போரில் பீரங்கி வண்டிகளை இழுத்தது. டென்மார்க்கின் ஜட்லாந்து இழுவைக் குதிரையை உருவாக்கியதில், 1860களில் இங்கிலாந்திலிருந்து சென்ற ஓப்பன்ஹைம் என்ற செம்பழுப்புப் பொலிகுதிரைக்குப் பெரும் பங்குண்டு. ஜட்லாந்துக் குதிரைகளில் செம்பழுப்பு மிகுந்திருப்பது அதன் தடம். இருபதாம் நூற்றாண்டில் பாகிஸ்தானுக்கும் சஃபோக் குதிரைகள் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே உள்நாட்டு இனங்களோடு கலந்து, படைக்கு வேண்டிய குதிரைகளும் மலைப்பாதையில் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளும் உருவாக்கப்பட்டன. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பதே கோவேறு கழுதை என்பதால், தாய் உருவத்தில் பெரியதானால் குட்டியும் பெரிதாகும். குளிர்நாட்டுக் குதிரை அந்த வெயிலில் நன்றாகவே பழகிக்கொண்டது என்பது எனக்கு வியப்பளித்த செய்தி.

பொன்னேரி உழவன்

இவ்வளவு பயனுள்ள குதிரை எப்படி அழிவின் விளிம்புக்குப் போயிற்று?

நிலவளவன்

டிராக்டர்தான் காரணம், தம்பி. கனத்த களிமண் நிலமே முதலில் இயந்திரத்தை நாடியது. குதிரைக்கு ஓர் ஏக்கர் ஒரு நாள் என்றால், இயந்திரத்துக்கு அது சில மணி நேர வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பண்ணைகள் தங்கள் குதிரைகளை மொத்தம் மொத்தமாக விற்றன. பல இறைச்சிக் கூடத்துக்குச் சென்றன. 1966ஆம் ஆண்டில் பதிவேட்டில் ஏறிய குட்டிகள் ஒன்பது மட்டுமே. அந்த எண்ணை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இனத்தைத் தாங்கிப் பிடித்த இடங்களுள் ஒன்று, யாரும் எதிர்பாராத வகையில், சிறைச்சாலை. கடலோரத்தில் ஹோல்ஸ்லி பே என்ற பண்ணை உண்டு. 1887இல் அயல்நாடுகளில் குடியேறவிருந்த இளைஞர்களுக்கு வேளாண்மை கற்பிக்கும் கல்லூரியாகத் தொடங்கிய அது, 1938இல் இளங்குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளியாகிப் பின்னர் சிறையாக நீடித்தது. அங்கிருந்த சஃபோக் பொலிப்பண்ணையில் குதிரைகளைத் தேய்த்து, தீனி வைத்து, பழக்கியவர்கள் தண்டனை பெற்ற இளைஞர்களே. சிறைத்துறை அப்பண்ணையைக் கைவிட முடிவு செய்தபோது, பொதுமக்களிடம் நிதி திரட்டிய சஃபோக் பஞ்ச் அறக்கட்டளை 2006இல் அதை வாங்கியது. இன்று பிரிட்டனில் இவ்வினக் குதிரைகள் சில நூறே இருக்கின்றன. அரிய கால்நடை இனங்களைக் காக்கும் அமைப்பின் பட்டியலில் மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளவற்றுள் இதுவும் ஒன்று.

மருதக்கயல்

எண்ணிக்கை அவ்வளவு குறைந்தால் நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பதைத் தவிர்க்க முடியாது. சினைப்பிடிப்பு குறையும், நோய் தாங்கும் ஆற்றலும் குறையும். வேறு பார இனம் ஒன்றின் குருதியைச் சிறிது கலந்து மீட்பது ஒரு வழி. கயிறு அறுந்துபோவதைவிட ஒரு முடிச்சு போட்டுக்கொள்வது நல்லதல்லவா?

வடவாறு

அதை நான் ஏற்கவில்லை. நீங்களே கூறிய நிற முத்திரை அன்றே போய்விடும். கால் மயிர் இல்லாமை, ஒரே பூட்டில் உழும் தாங்குதிறன், அந்தக் குணம் ஆகியவை எத்தனை மரபணுக்களின் கூட்டு என்பதை யாராலும் கூற முடியாது. இருக்கும் பெண் குதிரைகளை முழுமையாகப் பயன்படுத்துவதே முதல் வேலை. 2020இல் இங்கிலாந்தில், பெண் குட்டிக்குரிய விந்தணுக்களை மட்டும் பிரித்தெடுத்துச் செலுத்தியதில் சஃபோக் பெண் குட்டி ஒன்று பிறந்தது. நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகமும் அந்தப் பாதுகாப்பு அமைப்பும் அம்முயற்சியில் பங்கேற்றன. ஓர் ஆண் பல பெண் குதிரைகளுக்குப் போதும். பற்றாக்குறை பெண் குதிரைகளில்தான் இருக்கிறது. பிறக்கும் குட்டிகளில் பெரும்பான்மை பெண்ணாக அமைந்தால், கலப்பின்றியே எண்ணிக்கை ஏற வழியுண்டு.

மருதக்கயல்

அம்முறை பரவலாகக் கைகூடினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். குதிரை விந்தணுவைப் பிரித்தெடுப்பதும் உறைய வைப்பதும் பசுவில் செய்வதைப் போல எளிதன்று. சினைப்பிடிப்பு விகிதம் குறைவாகவே இருக்கும். அதுவரை வேற்றினக் கலப்பு என்ற வழியை முற்றிலும் மறுக்காமல் வைத்திருப்போம் என்பதே என் வேண்டுகோள்.

நிலவளவன்

இருவரும் கூறுவதில் நியாயம் உண்டு. எனக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. கிரிஸ்ப்பின் குதிரையின் உயரம் 157 சென்டிமீட்டர் என்று முன்பு குறிப்பிட்டேன். இன்று 175 சென்டிமீட்டரைத் தாண்டும் குதிரைகள் கண்காட்சியில் கம்பீரமாக நிற்கின்றன. உயரம் கூடக்கூட இழுவிசை கிளம்பும் இடமும் மேலே போகிறது. குட்டைக் கால், ஆழ்ந்த வயிறு என்ற பழைய ‘பஞ்ச்’ வடிவம் மெல்ல நீள்கிறது. கலப்பே இல்லாமல், பதிவேட்டில் ஓர் எழுத்துகூட மாறாமல், இனம் வேறொன்றாகிவிட முடியும். வளையத்தை மாட்டிக் களிமண்ணில் இறக்கிப் பார்க்கும் உழவர் நடுவராக இருந்த காலத்தில், உயரத்துக்காக மட்டும் யாரும் பரிசு கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆண்டுக்குச் சில வாரங்களாவது இக்குதிரைகள் உண்மையான பாரத்தை இழுக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அதற்கு இன்றும் இடம் இருக்கிறது. காட்டில் வெட்டிய மரத்தைத் தனித்தனியாக வெளியே இழுத்து வருவதில் குதிரைக்கு ஈடில்லை. இயந்திரம் நுழைய அகன்ற பாதை வெட்ட வேண்டும். அதன் சக்கரம் அழுத்திய ஈரமண் இறுகிப்போய்ப் பல ஆண்டுகளுக்கு வேர் இறங்க விடாது. குதிரையோ நிற்கும் மரங்களுக்கிடையே வளைந்து வந்துவிடும். சரிவிலும் சதுப்பிலும் சிறு காடுகளிலும் இந்த வேலைக்குக் கூலி கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சஃபோக்கின் மயிரற்ற கால் முள்ளிலும் சுள்ளியிலும் சிக்காமல் இருப்பது அங்கே மீண்டும் பயன்படுகிறது.

பொன்னேரி உழவன்

கடைசியாக ஒன்று, அண்ணா. மாட்டைப் பழக்குவதுபோல இக்குதிரையை எந்த வயதில் பழக்குகிறார்கள்?

நிலவளவன்

இரண்டு வயதில் கழுத்து வளையத்தையும் கடிவாளத்தையும் மாட்டிப் பழக்கத் தொடங்கி, மூன்று வயதில் இலகுவான வேலை கொடுத்து, நான்கு வயதுக்கு மேல் முழு நாள் வேலைக்கு விடுகிறார்கள். முதலில் பின்னால் சங்கிலி உரசும் ஓசைக்குப் பழக வேண்டும். பிறகு ஒரு மரக்கட்டையை இழுக்க வேண்டும். அடுத்ததாக அனுபவமிக்க மூத்த குதிரையோடு சோடி சேர்ப்பார்கள். எப்போது நடப்பது, எப்போது நிற்பது, வரப்போரத்தில் எவ்வாறு திரும்புவது என்பதையெல்லாம் இளங்குதிரை மனிதரைவிடப் பக்கத்திலிருக்கும் அந்த மூத்த குதிரையிடமே விரைவாகக் கற்றுக்கொள்ளும். வேலை தெரிந்த மூத்த குதிரை லாயத்தில் ஒன்றாவது இருக்கும் பண்ணையில் பழக்குவது எளிது. அது இல்லாத இடத்தில், இரண்டு பேர் இருபுறமும் கயிறு பிடித்து வாரக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது.